பேட்டரியில ஓடற ஆம்புலன்ஸ் மாடல்: லைட்டும் சைரனும் சேர்ந்தா ஏன் குழம்புது, எப்படி சரி பண்றது

தம்பி, நீங்க சொன்னத சுருக்கமா ஒரு தடவை சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சுகிட்டேனானு பாருங்க. அக்கா பொண்ணு ஏழாவது படிக்குது, ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு அட்டையில ஆம்புலன்ஸ் செய்யுறீங்க, மேல சிவப்பும் நீலமும் மாறி மாறி வெட்டணும், உள்ள இருந்து சைரன் வரணும். 555 ஐசியும் (சீரா துடிக்கற டைமர் சிப்பு) 4017 ஐசியும் (ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி நகர்ற சிப்பு) வச்ச லைட் சர்க்யூட் தனியா போட்டா அழகா ஓடுது, 555 வச்ச சைரனும் தனியா போட்டா ஓடுது, ரெண்டையும் ஒரே 9 வோல்ட் பேட்டரியில மாட்டினா லைட்டு இஷ்டத்துக்கு தாவுது, சைரன் கரகரங்குது, சைரன் ஐசி கை வைக்க முடியாத சூடு, பேட்டரி ஒரு சாயங்காலம் கூட தாங்கல. கடையில கேட்டா ஐசி டூப்ளிகேட்டா இருக்கும், வேற வாங்கிக்கோங்கன்னுட்டாங்க.

ஐசி வாங்க ஓடாதீங்க. தனித்தனியா ஓடுது, சேர்த்தா ஓடலன்னா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஒரே பொருள் பேட்டரி, அதைத்தான் மொதல்ல பாக்கணும். வீட்ல செய்யுற பேட்டரி சாமான்ல எல்லாரும் ஐசியில ஆரம்பிச்சு, எல்இடி, ஸ்பீக்கர்னு போயி, கடைசியா கையில கெடைச்ச பேட்டரிய சொருகுறாங்க. அப்படியே தலைகீழா போகணும், பேட்டரி எவ்வளவு குடுக்கும், அதுல லைட்டுக்கு எவ்வளவு சத்தத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சுட்டு அப்புறம்தான் சர்க்யூட்டு. இந்த பதில் முழுக்க அதைச் சுத்திதான் இருக்கும், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

அந்த சின்ன சதுர 9 வோல்ட் பேட்டரிக்குள்ள என்ன இருக்குன்னா, 1.5 வோல்ட் குட்டி செல் ஆறு வரிசையா கோத்து வச்சிருக்கும். ஒவ்வொண்ணும் குட்டிங்கறதால மொத்த கொள்ளளவும் சின்னது, நல்ல ஆல்கலைனா இருந்தா 500 மில்லிஆம்ப் அவர் சுமாரா வரும், சாதா கார்பன் வகையில அதுக்கும் கம்மி. அதே கடிகாரத்துக்கு போடற டபுள் ஏ பென்சில் செல் ஆல்கலைன்ல 2000க்கு மேல இருக்கு. இன்னொரு விஷயம் உள்தடை. ஆறு குட்டி செல்லு வரிசையா இருக்கறதால 9 வோல்ட் பேட்டரிக்குள்ளயே ஒரு தடை உக்காந்திருக்கும், கார்பன் வகையில அது இன்னும் அதிகம், பழசாக ஆக ஏறிகிட்டே போகும். உதாரணத்துக்கு 10 ஓம்னு வச்சுக்கோங்க, சர்க்யூட்டு 200 மில்லிஆம்ப் இழுத்தா உள்ளயே 2 வோல்ட் போயிடும், வெளிய 7 தான் வரும், விட்டா திரும்ப 9. மல்டிமீட்டர், புகை அலாரம் மாதிரி சொட்டு சொட்டா கரண்ட் எடுக்கற சாமானுக்கு அது ரொம்ப நல்ல பேட்டரி. ஸ்பீக்கருக்கு அது ஆகாது.

இப்ப உங்க சைரன பாருங்க. 555 ஓட 3ம் காலுல இருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியா நேரா 8 ஓம் ஸ்பீக்கர். 9 வோல்ட்ல அந்த கால் ஏறி இறங்கறது கிட்டத்தட்ட 7 வோல்ட், கெப்பாசிட்டர் நடுவுல இருக்கறதால ஸ்பீக்கர் பார்க்கறது பக்கத்துக்கு மூணரை வோல்ட், அதை 8 ஓமால வகுத்தா 400 மில்லிஆம்புக்கு மேல கேக்குது. என்இ 555, அதாவது சாதா 555, தாங்கறது 200 மில்லிஆம்ப். அதான் சூடு. ஐசி ஒரிஜினலா இருந்தாலும் சுடும், இது கணக்கு.

லைட்டு ஏன் தாவுது? இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். 555க்குள்ள 5கே, அதாவது 5000 ஓம், ரெசிஸ்டர் மூணு வரிசையா இருக்கு, அது சப்ளை வோல்டேஜ மூணா பிரிக்குது. வெளிய நாம போடற கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறி மூணுல ரெண்டு பங்கு வந்தா அவுட்புட் கீழ போகும், இறங்கி மூணுல ஒரு பங்கு வந்தா மேல வரும். எல்லாமே பங்கு கணக்குங்கறதால பேட்டரி 9ல இருந்து 7க்கு மெதுவா இறங்கினாலும் வேகம் மாறவே மாறாது, அதுதான் அந்த டிசைனோட அழகு. ஆனா சைரன் ஒரு வினாடிக்கு ஆயிரம் தடவை பேட்டரிய வெடுக்கு வெடுக்குனு இழுக்கும்போது கதை வேற. சப்ளை திடீர்னு 2 வோல்ட் இறங்கினா அந்த மூணுல ரெண்டு பங்குங்கற எல்லையும் கூடவே இறங்கிடும், கெப்பாசிட்டர்ல இருக்கற வோல்டேஜ் அதே இடத்துல நிக்கும், உடனே 555 "ஓ எல்லை தாண்டிருச்சு"ன்னு நெனச்சு நேரத்துக்கு முன்னாடியே புரண்டுடும். 4017 பாவம் அதுக்கு ஒண்ணும் தெரியாது, அதோட கிளாக் கால் கீழ இருந்து மேல போற ஒவ்வொரு தடவையும் ஒரு படி நகரும், அவ்வளவுதான் வேலை. பொய்யா ஒரு புரளல் வந்தா பொய்யா ஒரு படி. தெருக்குழாய்ல ஒரு வீட்டுல மோட்டார் போட்டு உறிஞ்சினா பக்கத்து வீட்டுல தண்ணி நூலா வருமே, அதான் உங்க பலகைக்குள்ள நடக்குது.

சரி, என்ன பண்ணலாம். பேட்டரிய மாத்துங்க. டபுள் ஏ ஆல்கலைன் நாலு, நாலு செல் போடற பிளாஸ்டிக் ஹோல்டர், மொத்தம் 6 வோல்ட். என்இ 555 ஓடறதுக்கு குறைஞ்சது 4.5 வோல்ட் வேணும், 4017 மூணு வோல்ட்ல இருந்தே ஓடும், அதனால செல்லு ஒவ்வொண்ணும் 1.15 வரைக்கும் இறங்கினாலும் மாடல் ஓடும், செல்லுல இருக்கற சரக்குல பெரும்பங்கு உபயோகமாயிடும். ரீசார்ஜபிள் செல்லு போடறதா இருந்தா அது ஒண்ணு 1.2 வோல்ட்தான், நாலு சேர்ந்தா 4.8, ரொம்ப விளிம்புல நிக்கும், அஞ்சு செல் போடுங்க. பவர் பேங்க்ல போடலாமானு கேப்பீங்க, 5 வோல்ட் சரிதான், ஆனா நிறைய பவர் பேங்க் கொஞ்சமா கரண்ட் இழுத்தா ஃபோன் ஃபுல் ஆயிடுச்சுன்னு நெனச்சு தானா அணைஞ்சுடும், நடுவர் முன்னாடி அணைஞ்சா புள்ள மனசு ஒடிஞ்சு போயிடும். பழைய லேப்டாப் பேட்டரியில இருந்து பிரிச்ச லித்தியம் செல் மட்டும் வேணவே வேணாம், ஷார்ட் ஆனா தீப்பிடிக்கற பொருள், பத்து பன்னெண்டு வயசு பிள்ளைங்க கூட்டமா நிக்கற எடத்துல அதுக்கு வேலையே இல்ல.

இனி சர்க்யூட்டு. 555 மூணு, 4017 ஒண்ணு. மூணு 555க்கும் ஒரே ரெசிஸ்டர் ஜோடி போடற மாதிரி சொல்றேன், 10கே ஒண்ணு, 68கே ஒண்ணு, கெப்பாசிட்டர் மட்டும் மாறும். பொண்ணுக்கு விளக்கவும் இது வசதி, "கெப்பாசிட்டர் பெருசானா மெதுவா, சின்னதானா வேகமா"ன்னு ஒரே வரியில அவளே நடுவர்கிட்ட சொல்லிடுவா. 555ல 8ம் காலும் 4ம் காலும் பிளஸ், 1ம் கால் மைனஸ், 8க்கும் 7க்கும் நடுவுல 10கே, 7க்கும் 6க்கும் நடுவுல 68கே, 6ம் 2ம் ஒண்ணா சேர்த்து அங்க இருந்து மைனஸுக்கு கெப்பாசிட்டர், 3ல அவுட்புட். வேகத்துக்கு கணக்கு, 1.44ஐ, மொத ரெசிஸ்டர் கூட்டல் ரெண்டாவது ரெசிஸ்டர் ரெண்டு மடங்கு, அத கெப்பாசிட்டரால பெருக்கி, வர்ற தொகையால வகுக்கணும். 10கே கூட்டல் 136கே, 146கே. 1 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) போட்டா வினாடிக்கு பத்து கிட்ட வரும், அது லைட்டுக்கு. 10 எம்எஃப்டி போட்டா வினாடிக்கு ஒண்ணு, அது சைரன் ரெண்டு சுருதியில மாறி மாறி போறதுக்கு. 0.01 எம்எஃப்டி, அதான் 103னு எழுதியிருக்கற குட்டி டிஸ்க், அது போட்டா ஆயிரம் ஹெர்ட்ஸ் கிட்ட, அதுதான் காதுல விழற சத்தம். 10 எம்எஃப்டி எலக்ட்ரோலிடிக்ல பிளஸ் மைனஸ் உண்டு, வெள்ளை கோடு போட்ட பக்கம் மைனஸ், மாத்தி போட்டுடாதீங்க.

ஒரு நிமிஷம் அந்த 555 பத்தி சொல்லிக்கிறேன், எக்ஸிபிஷன்ல பொண்ணு சொன்னா நல்லா இருக்கும். ஹான்ஸ் காமன்சிண்ட்னு ஸ்விட்சர்லாந்துல பிறந்த ஒருத்தர் 1971ல சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக தனியா உக்காந்து வடிவமைச்சது, 1972ல கடைக்கு வந்தது. மொத டிசைன்ல ஒன்பது கால் தேவைப்பட்டுச்சு, ஒரு கால குறைக்க வழி கண்டுபிடிச்சதுனாலதான் எட்டுக்கால் பெட்டிக்குள்ள அடங்குச்சு. அம்பது வருஷம் தாண்டியும் இன்னும் அதே கால் வரிசையில, டீ விலைக்கு கிடைக்குது. நாம கையில வச்சிருக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு பிள்ளைங்களுக்கு தெரியணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

லைட்டுக்கு வருவோம். 4017ல 16ம் கால் பிளஸ், 8 மைனஸ், 14 கிளாக், லைட்டு 555 ஓட 3ம் கால் இங்க வரும். 13ம் 15ம் கண்டிப்பா மைனஸுக்கு போகணும், இத நிறைய பேர் அந்தரத்துல விட்டுடறாங்க. விட்டா விரலை கிட்ட கொண்டு போனாலே லைட்டு மாறும், உங்க பலகையில அப்படி நடக்குதான்னும் பாருங்க, ஏன்னா தாவறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இதுக்கு பத்து அவுட்புட்டு, ஒரு நேரத்துல ஒண்ணுதான் உசந்து நிக்கும், வரிசை கால் எண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது: 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. நமக்கு வேண்டியது சிவப்பு மூணு வெட்டு, அப்புறம் நீலம் மூணு வெட்டு. அதனால வரிசையில ஒண்ணு, மூணு, அஞ்சு, அதாவது கால் 3, 4, 10 சிவப்புக்கு. ஆறு, எட்டு, பத்து, அதாவது கால் 1, 6, 11 நீலத்துக்கு. நடுவுல இருக்கற 2, 7, 5, 9 காலை எதுலயும் மாட்டாம விட்டுடுங்க, அந்த நேரம் இருட்டு, அந்த இருட்டுதான் வெட்டு மாதிரி தெரிய வைக்குது. பத்து படிக்கு ஒரு வினாடி, அசல் ஆம்புலன்ஸ் மாதிரியே இருக்கும்.

மூணு காலையும் நேரடியா ஒண்ணா முறுக்கிடலாமேன்னு தோணும். கூடாது. ஒண்ணு உசந்து நிக்கும்போது மத்த ரெண்டும் மைனஸ்ல நிக்கும், உள்ளுக்குள்ளயே ஷார்ட். ஒவ்வொரு காலுக்கும் ஒரு 1என் 4148 டயோடு (கரண்ட ஒரு பக்கமா மட்டும் விடற சாமான்), கறுப்பு கோடு போற பக்கம் வெளிய பாத்து, மூணையும் அப்புறம் சேருங்க. சேர்ந்த இடத்துல இருந்து 4.7கே வழியா பிசி 547 டிரான்சிஸ்டரோட நடுக்கால். தட்டை முகம் நம்மள பாக்கற மாதிரி பிடிச்சா இடது கலெக்டர், நடு பேஸ், வலது எமிட்டர், எமிட்டர் மைனஸுக்கு, எல்இடி எல்லாம் பிளஸுக்கும் கலெக்டருக்கும் நடுவுல. சிவப்புக்கு ஒண்ணு, நீலத்துக்கு இதே மாதிரி தனியா இன்னொண்ணு. டிரான்சிஸ்டர் எதுக்குன்னா 4017 கால் ஒண்ணு 6 வோல்ட்ல ஒழுங்கா குடுக்கறது ஒண்ணு ரெண்டு மில்லிஆம்ப்தான், அதுல மூணு எல்இடி பகல் வெளிச்சத்துல தெரியாது, ஸ்கூல் ஹால்ல ஜன்னல் பக்கம் டேபிள் குடுத்துட்டாங்கன்னா அவ்வளவுதான்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் தனித்தனியா போடுங்க, ஒரே ரெசிஸ்டர் மட்டும் வச்சு மூணையும் பேரலல்ல போடாதீங்க. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு மேல வேணும், அதனால கலந்து பேரலல்ல போட்டா சிவப்பு மட்டும்தான் எரியும், நீலம் செத்துப்போச்சுன்னு நாம தூக்கிப் போட்டுடுவோம். கணக்கு ரொம்ப சுலபம், 6ல இருந்து எல்இடி வோல்டேஜ கழிச்சு, வேண்டிய கரண்ட்டால வகுக்கணும். 10 மில்லிஆம்ப் வச்சா சிவப்புக்கு 400 ஓம், கடையில கிடைக்கறது 390, ஆரஞ்சு வெள்ளை பழுப்பு. நீலத்துக்கு 290, கிடைக்கறது 270, சிவப்பு ஊதா பழுப்பு. நீளமான கால் பிளஸ். இந்த நீல எல்இடி வர்றதுக்கு உலகம் எத்தனை வருஷம் காத்திருந்துச்சு தெரியுமா, கண்ணுக்கு தெரியற சிவப்பு 1962லயே வந்துடுச்சு, பளிச்சுனு எரியற நீலம் தொண்ணூறுகள்லதான், அதுக்கு அகசாகி, அமானோ, நகமுராவுக்கு 2014ல நோபல் குடுத்தாங்க. இதையும் பொண்ணு சார்ட்ல எழுதட்டும்.

சைரன். மெதுவான 555 (10 எம்எஃப்டி போட்டது) ஓட 3ம் கால்ல இருந்து 10கே வழியா வேகமான 555 (103 போட்டது) ஓட 5ம் காலுக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான் ரகசியம். 5ம் கால்ங்கறது அந்த மூணுல ரெண்டு பங்கு எல்லை வெளிய எட்டிப் பாக்கற இடம், அதை வெளிய இருந்து கீழ இழுத்தா கெப்பாசிட்டர் சீக்கிரமே எல்லையை தொட்டுடும், சுருதி ஏறும். மெதுவானது கீழ இருக்கற அரை வினாடி சுருதி ஏறும், கணக்குப்படி 1250 ஹெர்ட்ஸ் பக்கம். மேல இருக்கற அரை வினாடி 950 பக்கம். கெப்பாசிட்டர் எல்லாம் பத்து இருபது சதவீதம் முன்ன பின்ன இருக்கும், அதனால உங்களுக்கு கொஞ்சம் வேற மாதிரி கேட்டா பயப்படாதீங்க. மத்த ரெண்டு 555ல, அதாவது லைட்டுலயும் மெதுவானதுலயும், 5ம் கால்ல இருந்து மைனஸுக்கு ஒரு 103 போட்டுடுங்க.

இது "பீ... போ... பீ... போ". நம்ம ஊர் ஆம்புலன்ஸ்ல அதிகமா கேக்கறது ஏறி இறங்கற ஊளை, அது வேணும்னா அந்த 10கே கம்பிய எடுத்துட்டு ஒரு பிசி 557 போடுங்க: பேஸ் மெதுவான 555 ஓட 6ம் காலுக்கு, கலெக்டர் மைனஸுக்கு, எமிட்டர்ல இருந்து 2.2கே வழியா வேகமானதோட 5ம் காலுக்கு. 6ம் கால்ல வோல்டேஜ் படிப்படியா ஏறி இறங்கறதால சுருதியும் அப்படியே ஏறி இறங்கும். அப்ப 10 எம்எஃப்டிக்கு பதிலா 22 போட்டா ஊளை நீளமா வரும், கேக்க இன்னும் நல்லா இருக்கும். என்னைக் கேட்டா மொதல்ல பீ போ ஓட வையுங்க, நேரம் இருந்தா இதுக்கு வாங்க. ரெடிமேடா யுஎம் 3561னு ஒரு சைரன் ஐசி வருது, போலீஸ், ஆம்புலன்ஸ் சத்தமெல்லாம் உள்ளயே இருக்கு, ஆனா அது 3 வோல்ட் ஐசி, 6 வோல்ட் நேரா குடுத்தா போயிடும், அதோட பொண்ணுக்கு அதுல விளக்க ஒண்ணுமே இருக்காது.

ஸ்பீக்கருக்கு போற வழியில 3ம் கால், 47 ஓம் ரெசிஸ்டர், 100 எம்எஃப்டி கெப்பாசிட்டர், அதோட பிளஸ் ஐசி பக்கம், அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் மைனஸ். இப்ப உச்ச கரண்ட் 40 மில்லிஆம்ப் பக்கம் வந்துடும், ஐசி சில்லுனு இருக்கும். சத்தம் பத்தலன்னா 22 ஓம் வரைக்கும் இறக்கலாம், அதுக்கு கீழ வேணாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. ஸ்பீக்கர அந்தரத்துல தொங்க விட்டா முன்பக்கம் தள்ற காத்தும் பின்பக்கம் இழுக்கற காத்தும் ஒண்ணை ஒண்ணு சரிகட்டிடும், சத்தம் சோகையா வரும். ஒரு கெட்டி அட்டை டப்பாவுல ஸ்பீக்கர் அளவுக்கு வட்டமா வெட்டி, ஓரம் ஃபெவிகால் வச்சு இடைவெளி இல்லாம ஒட்டி, பின்னாடி மூடிப் பாருங்க, ஒரு பைசா கரண்ட் அதிகம் ஆகாம சத்தம் எங்கயோ போயிடும். உங்க ஆம்புலன்ஸ் உடம்பே அந்த டப்பாவா இருக்கலாம், ஸ்பீக்கர வண்டியோட அடிப்பக்க அட்டையில ஒட்டுங்க, வண்டிய ஒரு விரல் உயரம் தூக்கி வச்சா சத்தம் கீழ இருந்து பரவும்.

பஸ்ஸர் போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. கடையில ஒரே மாதிரி ரெண்டு இருக்கும். உள்ளயே ஆசிலேட்டர் இருக்கறது ஒரு வகை, பேட்டரி வச்சாலே பீப்னு கத்தும், அதுல சுருதிய மாத்த முடியாது, சைரனுக்கு ஆகாது. வெறும் பீசோ தகடு இன்னொரு வகை, பேட்டரி வச்சா ஒரு டிக் சத்தம்தான் வரும், நமக்கு அதுதான். அது 2000ல இருந்து 4000 ஹெர்ட்ஸ்குள்ளதான் நல்லா பாடும், அதனால 103க்கு பதிலா 332னு எழுதின கெப்பாசிட்டர் போடுங்க, மூவாயிரம் பக்கம் வரும், கரண்ட் சில மில்லிஆம்ப்தான். நம்ம காதுக்கும் அந்த இடம்தான் ரொம்ப கூர்மை. ஆனா அது ரொம்ப நேரம் கேட்டா தலைவலிக்கற சத்தம், நாள் முழுக்க டேபிள் பக்கத்துல நிக்கப்போற புள்ளைக்கு நான் ஸ்பீக்கர்தான் சொல்லுவேன்.

இப்ப மறுபடி பேட்டரி, ஏன்னா உங்க கோளாறு இங்கதான் தீரும். ஹோல்டர்ல இருந்து வர்ற பிளஸ் மைனஸ் ரெண்டுக்கும் குறுக்க 470 எம்எஃப்டி ஒண்ணு, 10 வோல்ட்டோ 16 வோல்ட்டோ எழுதினது. அந்த இடத்துல இருந்து சைரனுக்கு தனியா ஒரு ஜோடி கம்பி, லைட்டுக்கு தனியா ஒரு ஜோடி கம்பி. சைரன் வழியா போயிட்டு அங்க இருந்து லைட்டுக்கு இழுக்காதீங்க, அப்படி இழுத்தா ஸ்பீக்கர் கரண்ட் போற அதே மைனஸ் கம்பியிலதான் 4017ம் உக்காந்திருக்கும். லைட்டு 555க்கும் 4017க்கும் போற பிளஸ்ல மட்டும் 22 ஓம் ஒண்ணு வரிசையா போட்டு, அதுக்கு அப்புறம் மைனஸுக்கு இன்னொரு 470 எம்எஃப்டி. அந்த ரெண்டு ஐசியும் சேர்ந்து நாலஞ்சு மில்லிஆம்ப்தான் எடுக்கும், 22 ஓம்ல ஒண்ணும் இழப்பு இல்ல, ஆனா சைரனோட வெடுக்கு இழுப்பு அந்தப் பக்கம் போகாது. எல்இடி பிளஸ் இந்த 22 ஓமுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. கடைசியா ஒவ்வொரு ஐசிக்கும் பிளஸ் மைனஸ் காலுக்கு பக்கத்துலயே 104னு எழுதின டிஸ்க் கெப்பாசிட்டர் ஒண்ணு. சாதா 555 புரளும்போது ஒரு நொடியில துக்குணூண்டு நேரம் உள்ளயே பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கற மாதிரி ஒரு கரண்ட் பாயும், அத பக்கத்துல இருந்தே குடுக்கறதுக்குத்தான் அந்த 104. இத தூரத்துல வச்சா பலன் இல்ல.

மொத்த கணக்கு போட்டுப் பாருங்க. மூணு 555 சேர்ந்து 10 மில்லிஆம்ப். எல்இடி எரியும்போது 30, ஆனா பத்து படியில ஆறு படிதான் எரியுது, சராசரி 18. ஸ்பீக்கர் 47 ஓம்ல 20, 22 ஓம்ல 35 பக்கம். எல்லாம் சேர்த்து 50ல இருந்து 65. டபுள் ஏ ஆல்கலைன்ல இருபது மணி நேரத்துக்கு மேல தாராளமா ஓடும், ரெண்டு நாள் எக்ஸிபிஷன் ஒரே செட்டுல முடிஞ்சுடும். சைரனுக்கு தனியா ஒரு சுவிட்ச் வச்சுடுங்க, ஆள் வரும்போது மட்டும் போடட்டும், பக்கத்து டேபிள் பிள்ளைங்களும் விளக்கம் சொல்லணும்ல.

பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம கம்பி சொருகிப் பாக்கற போர்டு) மொதல்ல போட்டுப் பாக்கறீங்கன்னா ஒரு விஷயம், நீளமான போர்டுல ஓரத்துல போற பிளஸ் மைனஸ் வரிசை சில கம்பெனியில நடுவுல அறுந்திருக்கும், சிவப்பு கோடு விட்டிருக்கான்னு பாருங்க. எக்ஸிபிஷனுக்கு பிரெட்போர்டோட போகாதீங்க, ஆட்டோவுல ஒரு குலுங்கல்ல ஒரு கம்பி வெளிய வந்துடும். டாட் போர்டு வாங்கி, ஐசி பேஸ் வச்சு சால்டர் பண்ணுங்க, 25 வாட் அயர்ன் போதும். மொத சூடு காலுக்கும் செம்புக்கும், அப்புறம் ஈயம், அயர்ன் முனையில ஈயத்த உருக்கி தடவினா வெளிய பளபளன்னு இருக்கும் உள்ள ஒட்டியே இருக்காது. ஜன்னல் பக்கம் உக்காந்து பண்ணுங்க, முடிச்சதும் ரெண்டு பேரும் சோப்பு போட்டு கை கழுவுங்க, அதுல காரீயம் இருக்கு. சாமானெல்லாம் பெரிய ஊர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுல கிடைக்கும், சென்னை பக்கம்னா ரிச்சி ஸ்ட்ரீட் நரசிங்கபுரம் தெருவுல ஒரே கடையில முடிஞ்சுடும், ரெசிஸ்டர் எல்லாம் பத்து பத்தா வாங்குங்க, கால் ஒடியும்.

மொத தடவை போடும்போது எல்லாத்தையும் ஒண்ணா போடாம, லைட்டு 555 மட்டும், அதுல ஒரு எல்இடி வச்சு துடிக்குதான்னு பாத்துட்டு 4017 மாட்டுங்க, அது வரிசையா போகுதுன்னு தெரிஞ்சதும் சைரன். 1 எம்எஃப்டிய தற்காலிகமா 10 எம்எஃப்டி ஆக்கினா வினாடிக்கு ஒரு படி போகும், கண்ணாலயே எண்ணிப் பாக்கலாம். எல்லாம் மாட்டின பிறகு மல்டிமீட்டர 20 வோல்ட்ல வச்சு 4017 ஓட 16க்கும் 8க்கும் நடுவுல சைரன் அணைச்சு ஒரு தடவை, சைரன் போட்டு ஒரு தடவை பாருங்க. புது செல்லுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், கால் வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா செல் பழசு, இல்ல ஹோல்டர் ஸ்பிரிங் துரு பிடிச்சிருக்கு, இல்ல கம்பி எங்கயோ சைரன் வழியா சுத்தி வருது. இப்ப உங்க பழைய சர்க்யூட்டுலயே 9 வோல்ட் பேட்டரி வச்சு இதே மாதிரி ஒரு தடவை அளந்து பாருங்க, எவ்வளவு இறங்குதுன்னு கண்ணால பாத்தா பொண்ணுக்கும் விஷயம் உடனே புரியும், அந்த ரெண்டு அளவையும் சார்ட்ல போட்டா அதுவே ஒரு நல்ல சோதனை.

இத பாத்துட்டு யாராவது பையன் பைக்ல மாட்டித்தர கேப்பான், மாட்டிடாதீங்க. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி வண்டிங்களுக்கு மட்டும்தான் பல சுருதி ஹாரனுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதி குடுக்குது, ரோட்டுல பொய் சைரன் கேட்டு கேட்டு ஜனங்க நிஜ வண்டிக்கு ஒதுங்கறத விட்டுடுவாங்க. டேபிள் மேல ஓடட்டும். பழைய பலகையோட ஃபோட்டோ மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்புங்க, 13, 15ம் கால் எங்க போகுதுன்னு நான் பாத்து சொல்றேன்.